முதலாளி அறைக்கு ஓர் அழைப்பு

“கட்டிங் செத்தாச்சு. பேக்கிங் செத்தாச்சு. தையல் மட்டும்தான் பாக்கி,” என்றான் போன்காரன். கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் கீபோர்டில் சொட்டியது.

“அதையும் கொல்லு,” என்றான் அரைக்காது.

செத்துக்கொண்டிருந்தவை ஆட்கள் அல்ல, அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் தொலைபேசிகள். எந்தப் போனிலும் முதலில் ஒன்பதை அழுத்தினால்தான் அழைப்பு வெளியே போகும். அந்த ஒன்பதைத்தான் ஒவ்வொரு பிரிவாகப் பிடுங்கச் சொல்லியிருந்தான் அரைக்காது.

தொழிலாளர்களின் செல்போன்களைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒன்பதும் போய்விட்டால் உள்ளே என்ன நடந்தாலும் வெளியே ஈ காக்கைக்குத் தெரியாது. போன்காரனின் செல்போன் அரைக்காதின் பூட்ஸுக்கடியில் ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்தது.

“எதுக்குண்ணே இதெல்லாம்?”

பதிலுக்கு ஸ்பானர் அவன் இடது கையில் இறங்கியது. காய்ந்த குச்சி முறிவது போல ஒரு சத்தம்.

“கேள்வி கேட்டது எந்த விரலு? இதுவா?” அரைக்காது குனிந்து பார்த்தான். “தையல்ல ஒருத்தி சங்கம் ஆரம்பிக்கிறாளாம். வாய் நீளமாம். இன்னிக்கு அவ கதையை முடிக்கணும்.”

போன்காரனுக்குக் கைவலி மறந்துபோனது. அந்த ஒருத்தி அவனுடைய அக்கா. அது அரைக்காதுக்குத் தெரியாது.

அவன் மேசையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தான். ஒரு முழங்கால் அவன் வயிற்றில் ஏறியது. பின்மண்டையைப் பிடித்த கை, அவன் முகத்தை இரும்பு அலமாரியில் இருமுறை மோதிவிட்டு நாற்காலியில் எறிந்தது.

“காலையில பில்டிங் பூரா கூரை ஸ்பீக்கர்லருந்து ‘ஹலோ, ஹலோ, டெஸ்டிங்’னு உயிரை வாங்கினது நீதானே? இப்பக் கத்து, கேப்போம். இந்த ஏசி இரைச்சல்ல பக்கத்துல நிக்கிற எனக்கே பாதிதான் கேக்குது.” தன் அறுந்த காதைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

உண்மைதான். தொலைபேசி இயந்திர அறை கடலுக்கடியில் கிடக்கும் கப்பலைப் போலக் குளிர்ந்து இரைந்துகொண்டிருந்தது. கனத்த கதவு, உள்ளே தாழ்ப்பாள்.

போன்காரன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். மீதமிருந்த ஒரு கையால் மெல்லத் தட்ட ஆரம்பித்தான். திரையில் தையல் பிரிவின் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின.

“செத்துப்போச்சா?”

“செத்துப்போச்சுண்ணே.”

“அப்புறம் என்னடா இன்னும் தட்டிட்டே இருக்கே?”

“ஒன்பதை எடுத்தா மத்த அழைப்பெல்லாம் எங்க போகணும்னு வழி சொல்லி விடணும்ணே. இல்லன்னா முதலாளி ரூம் போனும் சேர்ந்து படுத்துரும்.”

“ஐயோ, அது படுக்கக் கூடாது! அவருக்குத்தான் தகவல் சொல்லணும். செல்லுல கூப்பிடாதே, உள் போன்ல சொல்லு, நான் வாயைத் திறக்க மாட்டேன், கேட்டுக்குவேன்னாரு. பெரிய மனுஷங்க ஜாக்கிரதை.”

“அப்படின்னா கொஞ்சம் பொறுங்க.” இன்னும் சில எழுத்துகள். “இப்ப அடிங்க. அவர் ரூம் இருநூறு.”

அரைக்காது ஒன்றும் ஏமாளி அல்ல. முதலில் ஒன்பதை அழுத்திப் பார்த்தான். போனில் மூச்சே இல்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இருநூறை அழுத்தினான். ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம், பிறகு மௌனம்.

“முதலாளி, நான்தான்,” என்று நல்ல காதில் ரிசீவரை அழுத்திக்கொண்டு கத்தினான். “வெளிய ஒரு கால் போகாது. பசங்க குடோன்ல கம்பியோட ரெடி. அந்தச் சங்கக்காரியை மட்டும் சரக்கு எண்ணணும்னு கீழ அனுப்பி விடுங்க. நீங்க சொன்ன மாதிரியே, லிஃப்ட்ல சிக்கிச் செத்தா மாதிரி முடிச்சுர்றோம்.”

மறுமுனையில் ஒரு கனைப்புக்கூட இல்லை. ‘மனுஷன் கல்லுய்யா’ என்று வியந்தபடி ரிசீவரை வைத்தான்.

“நல்ல வேலைக்காரன்டா நீ,” என்று ஸ்பானரை எடுத்தான். “ஆனா எல்லாத்தையும் கேட்டுட்டியே.”

முதல் அடி தோளில் விழுந்தது. போன்காரன் நாற்காலியோடு சரிந்து மேசைக்கடியில் உருண்டான். அரைக்காது அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்தான். மண்டைக்குக் குறிபார்த்து மறுபடி ஓங்கினான்.

கதவு அதிர்ந்தது.

ஒரு கை தட்டிய சத்தம் அல்ல அது. ஏசி இரைச்சலையும் மீறி அறையே குலுங்கியது. கதவிலிருந்த சின்னக் கண்ணாடிச் சதுரத்தில் முகங்கள் நெருக்கியடித்தன. கத்தரிகளும் கனத்த இஸ்திரிப்பெட்டிகளும் உயர்ந்து நின்றன. எல்லோருக்கும் முன்னால், கழுத்தில் அளவு நாடாவோடு ஒருத்தி.

“தம்பி! தாழ்ப்பாளைத் திறடா!”

தாழ்ப்பாளின் ஒரு திருகாணி தெறித்து விழுந்தது. அரைக்காதின் ஸ்பானர் ஓங்கிய இடத்திலேயே நின்றது. “டேய்... இவளுங்களுக்கு யார்ரா சொன்னது?”

போன்காரன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான்.

“நீங்கதாண்ணே. கூரையிலருந்து.”