பின்னேரக் காய்ச்சல்

டோர்செட் பார்க் அபார்ட்மென்டுக்குள் வேலை முடிந்து நுழைந்த ஜெயமலர், கோட்டைக்கூடக் கழற்றாமல் நாலு வயது துவாரகாவின் நெற்றியைத் தொட்டாள்.

“இண்டைக்கும் கொதிக்குது. வெளிக்கிடுங்கோ, டொக்டரிட்டப் போவம்.”

கணவன் கிருபன் அலுப்போடு தெர்மோமீற்றரைக் காட்டினான். “முப்பத்தேழு புள்ளி மூண்டு. காலமை முப்பத்தாறரை. பின்னேரத்தில பிள்ளையளுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும் எண்டு டொக்டர் நேற்றும் சொன்னவர்.”

“அப்ப என்ர கை பொய் சொல்லுதோ?”

துவாரகா அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து தொழிற்சாலையில் உறைந்த மீனைப் பெட்டிகளில் அடுக்கிய கைகள். இரண்டையும் இழுத்துத் தன் அக்குள்களில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

“அசையாம இருங்கோ அம்மா. இப்ப சூடு வந்திடும்.”