விசா வருவதற்குள்

"வண்டியைக் கொஞ்சம் வேகமா ஓட்டித் தொலையேன்!" என்றாள் மார்லீஸ்.

அவளைத் துறைமுகத்தில் இறக்கிவிட வந்த சக ஊழியன் ரீனுஸ், காதில் வாங்காதவன் போல பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினான்.

"பாதி டேங்க் இருக்கே, இப்ப எதுக்கு?"

"ஒரு காபி. உனக்கும் வாங்கட்டுமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துலிப் கிழங்கைத் தரம் பிரிக்கும் இயந்திரம் விற்கிற அவர்கள் கம்பெனி, இங்கிலாந்தில் கிளை திறக்கிறது. திங்கட்கிழமை திறப்பு விழா. கிளையை நடத்தப் போகிறவள் மார்லீஸ். எல்லாம் தயார், அவளுடைய வேலை விசாவைத் தவிர.

"விசா வரும்போது வரட்டும்" என்றிருந்தார் முதலாளி ஹூப். "ஊர் சுத்திப் பார்க்க வந்தேன்னு சொல்லிட்டு உள்ளே போ. எங்கப்பா காலத்துல இருந்து கப்பல் ஏறிப் போய் வியாபாரம் பண்ணிட்டுத்தானே வரோம்? திங்கட்கிழமை நீ அங்க இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்குவேன்."

"விசா இல்லாம போகாதே" என்று ரீனுஸ் ஒருவன்தான் சொன்னான். அதை அவள் சட்டையே செய்யவில்லை. போன வருடம் இதே வேலைக்குப் போனவன் அவன். ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டான். 'அம்மா ஞாபகம் வந்துடுச்சாம்' என்று ஹூப் சொல்ல, ஆபீஸே இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறது. வயிற்றெரிச்சலில் பேசுகிறான், வேறென்ன!

கைப்பையைக் காரிலேயே போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போய், ஓடி வந்தாள். "கிளம்பு, கிளம்பு!"

துறைமுக வாசலில் அதிகாரி கை நீட்டினார். மார்லீஸ் கைப்பைக்குள் துழாவினாள். பாஸ்போர்ட் இல்லை.

பையைக் கொட்டினாள். பெட்டியைக் கவிழ்த்தாள். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"ஓரமா நிறுத்துங்க" என்றார் அதிகாரி.

திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரக்கூடிய கடைசிக் கப்பல் அவள் கண் முன்னாலேயே கிளம்பியது. ஹூப்புக்குப் போன் போட்டாள்.

"ஒரு பாஸ்போர்ட்டைப் பத்திரமா வச்சுக்கத் தெரியலை, நீ கிளையை நடத்தப் போறியா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

மார்லீஸ் அழுதாள். ரீனுஸ் தன் கோட்டுக்குள்ளிருந்து அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான்.

"அடப்பாவி! நான் கழிப்பறைக்குப் போன நேரத்துல எடுத்தியா? உனக்குக் கிடைக்காதது எனக்கும் கிடைக்கக் கூடாதா?"

"நல்லாத் திட்டிக்கோ. விசாவுக்கு உன் பேரைத்தான் குடுத்திருக்காங்க. வேற ஆளுக்குன்னா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஹூப் சும்மா மிரட்டறார். அடுத்த மாசம் விசா வந்ததும் நீயே போவே."

"அதுக்காக? ஒரு மாசம் முன்னாடி போனா உனக்கென்ன?"

ரீனுஸ் காரைத் திருப்பினான்.

"நான் அம்மா ஞாபகத்துல திரும்பி வரலை, மார்லீஸ். விசா இல்லாம வேலை செஞ்சேன்னு பிடிச்சு, கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க. வெளியே சொன்னா வேலை போயிடும்னார் ஹூப். இனிமே அந்த ஊர்ல என்னை யாரும் உள்ளே விட மாட்டாங்க."