எடை பார்க்கும் அறை

சென்ற மாதம் அந்தப் பெண் காய்ச்சலுக்காக வந்து எடைக்கருவியில் ஏறியபோது, அது நூற்றறுபத்து நான்கு கிலோ காட்டியது. அவளோ எலும்பும் தோலுமாக இருந்தாள். நான் கருவியைப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டு, படிவத்தில் உத்தேசமாக நாற்பத்தொன்று என்று எழுதினேன். உடன் வந்தவரை வெளியே அனுப்பி நோயாளியிடம் தனியாகப் பேசவேண்டும் என்பது எங்கள் மருத்துவமனையின் விதி. அன்று அதை நான் செய்யவில்லை.

இன்று அவள் வீங்கிய கையுடன் மீண்டும் வந்தாள். அன்று உடன் வந்த அதே ஆள்தான் இன்றும் அழைத்து வந்திருந்தான்.

“நான் இவ சித்தப்பா. எதுவானாலும் என்கிட்ட கேளுங்க சிஸ்டர்.”

“கை வீங்கினது உங்களுக்கா, அவளுக்கா? வெளியே நில்லுங்க.”

கதவைத் தாழிட்டேன். புதிய கருவி நூற்றிருபத்து மூன்று காட்டியது.

“மெஷின் சரியாத்தான் இருக்கும்மா,” என்றாள் அவள். “போன மாசம் அவங்க வீட்டு ரூம்ல எங்க நாலு பேரைப் பூட்டி வச்சிருந்தாங்க. இப்ப மூணு பேருதான்.”

காவல் நிலையத்தை அழைத்தேன். அவள் சொன்ன முகவரியை அப்படியே ஒப்பித்தேன்.

“வண்டி கிளம்பிடுச்சு,” என்றார்கள்.

கதவுக்கு வெளியே அவன் யாரிடமோ போனில் பேசினான். “மாட்டிக்கிட்டோம். அங்க யாரையும் மிச்சம் வைக்காத.”

அவள் இன்னும் கருவியின்மேல்தான் நின்றிருந்தாள். எண் எண்பத்திரண்டாகக் குறைந்தது.