பேரைச் சொன்னால் போதும்

"பெரியவங்க வந்து நிக்கிறது கண்ணுல படலையா? எந்நேரமும் போனு!"

கஸ்பார் போட்ட சத்தத்தில் கிளினிக்கே திரும்பிப் பார்த்தது.

சரளா சட்டென்று எழுந்து இடம் விட்டாள். "கவனிக்கல கிராணி ஐயா, மன்னிச்சிருங்க." நின்றபிறகும் போனைத்தான் தடவிக்கொண்டிருந்தாள்.

கஸ்பாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரப்பர் தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். விடியற்காலையில் அவர் பேர் கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை. தோட்டத்தை விற்று செம்பனை போட்டு எத்தனையோ வருஷம் ஆகியும், பீடோர் கடைத்தெருவில் அவரைக் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வணக்கம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சரளா அங்கே பால்மரம் வெட்டினவளின் மகள். அவளுக்குமா மரியாதை மறந்துபோச்சு?

இத்தனைக்கும் அவரிடம் போனே கிடையாது. மருந்து வாங்க வருகிறவர்கள் போனில் பதிந்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று இரண்டு வருஷமாக இங்கே சட்டம். அதெல்லாம் மற்றவர்களுக்கு. கஸ்பார் கவுண்டரில் பேரைச் சொல்வார். அங்கே இருக்கும் பெண் கார்மென் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நம்பர் சீட்டைக் கொடுப்பாள். இன்றும் கொடுத்துவிட்டாள். கிராணி என்றால் சும்மாவா!

அவர் உட்காரப்போன நேரத்தில் கவுண்டரில் ஒரு கெஞ்சல் கேட்டது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய சன்னாசி.

"இன்சுலின் நேத்தே முடிஞ்சிருச்சும்மா. மவன்தான் போன்ல பதிவான். அவன் சிங்கப்பூரு வேலைக்குப் போயிட்டான்."

"ஒம்போதரைக்கு ஒரு இடம் இருக்கு அங்கிள். ஆனா போன்லேந்துதான் பதியணும். இங்க என்னால ஒண்ணும் செய்ய முடியாது லா," என்றாள் கார்மென்.

சன்னாசி கவுண்டரை விட்டு நகரவில்லை. கஸ்பாருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவருக்கும் சர்க்கரைதான். ஒருநாள் ஊசி தவறினால் என்ன பாடு என்று தெரியும்.

"நீ தள்ளு சன்னாசி, நான் சொல்றேன்." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கவுண்டருக்குப் போனார். "இவரு நம்ம ஆளும்மா. எனக்குச் செய்யிற மாதிரி இவருக்கும் செஞ்சு விடு."

கார்மென் விழித்தாள். "உங்களுக்கு நான் என்ன ஐயா செஞ்சேன்?"

"போன் இல்லாமத்தான என்னை உள்ள விடுறே? கிராணி சொன்னாருன்னு இவரையும் விடு."

கார்மென் வாயைத் திறப்பதற்குள் சரளா குறுக்கே வந்தாள்.

"சன்னாசி மாமா, உங்க ஐசியக் குடுங்க."

அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்துப் போனில் தட்ட ஆரம்பித்தாள்.

"பாத்தியா சன்னாசி, நாம இங்க மருந்துக்கு அல்லாடுறோம். இவளுக்கு இப்பவும் போனு!" என்று தலையில் அடித்துக்கொண்டார் கஸ்பார்.

சரளா தட்டி முடித்து நிமிர்ந்தாள்.

"ஆ, வந்திருச்சு!" கார்மென் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தாள். சன்னாசியின் கையில் நம்பர் சீட்டைக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சொல்லாதே என்று சரளா கண்ணைக் காட்டியதை கார்மென் கவனிக்கவில்லை.

"அட, இதே போன் நம்பரு! கிராணி ஐயாவுக்கு ரெண்டு வருசமா மாசாமாசம் பதியிறது நீங்கதானாக்கா?"