சிங்காரிக்குப் போட்டி

“மச்சான், இன்னிக்கு நீ மச்சான் இல்ல. கஸ்டமர்!”

பழைய கார் விற்கும் கடையின் முதலாளி, மனைவியின் தம்பியை உட்காரவைத்துப் படபடவென்று சொன்னார்.

“என்ன மாமா சொல்றீங்க?”

“புது வண்டிக் கம்பெனிக்காரன் நாளைக்குக் காலையில விலையைக் குறைக்கப் போறானாம். ஏஜெண்ட் ஒருத்தன் காதைக் கடிச்சான். அது வெளியில தெரிஞ்சா நம்ம பழைய வண்டியை எவன் தொடுவான்? சிங்காரி இன்னிக்கே போயாகணும்!”

சிங்காரி என்பது வாசலில் நிற்கும் நீல நிறக் கார். அவர் ஆசை ஆசையாய் நல்ல விலை கொடுத்து வாங்கிப் போட்டது. மாசத்துக்கு மாசம் அதன் விலை சறுக்கிக்கொண்டே போனது, அவரும் அதைத் தினம் துடைத்துக்கொண்டே இருந்தார். கடையில் ஒரு வண்டி நகர்ந்து மாசக்கணக்காகிறது. இப்படியே போனால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான்.

“வாடகைக் கார் ஓட்டுற டிரைவர் ஒருத்தர் வர்றாரு. சொந்தமா ஒரு வண்டி வேணுமாம். நீ போட்டிக்கு விலை கேளு. ரெண்டு தடவை ஏத்து, மூணாவது தடவை விட்டுடு. அவ்வளவுதான் உன் வேலை.”

“பாவம் மாமா, நாளைக்கு அவருக்கு விஷயம் தெரிஞ்சா...”

“எனக்குப் பாவம் பார்க்க யாருடா இருக்கா? உன் அக்காவையும் பிள்ளைங்களையும் நடுத்தெருவுல நிறுத்தச் சொல்றியா?”

மச்சான் தலையை ஆட்டிவிட்டு வாசலுக்குப் போய் நின்றான். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றதைத் தவிர அவனுக்கு வேறு நடிப்பு அனுபவம் கிடையாது.

டிரைவர் வந்தார். கூடவே மனைவி, மகள். மகள் வந்த வேகத்தில் பின் சீட்டில் ஏறி, “ஜன்னல் பக்கம் எனக்குத்தான்!” என்று இடம் பிடித்துவிட்டாள்.

டிரைவர் இஞ்சினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“இத்தனை வருஷம் அடுத்தவன் வண்டியையே ஓட்டிட்டேன் சார். இது பிடிச்சிருக்கு. சேர்த்ததெல்லாம் இதுக்குத்தான்.”

உள்ளே உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு முடிகிற நேரம், மச்சான் நுழைந்து மேஜை முன்னால் உட்கார்ந்தான்.

“அந்த நீல வண்டியா? ஆயிரம் கூடப் போட்டு நான் எடுத்துக்கறேன்!”

அட, மரமா நின்ன பயலா இவன்! முதலாளிக்கே ஆச்சரியம்.

டிரைவர் பதறிப்போனார். “நான்தானே சார் முதல்ல வந்தேன்? சரி, ரெண்டாயிரம் கூடத் தர்றேன்.”

“ஐயாயிரம்!” என்றான் மச்சான்.

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் தன் வளையலைப் பார்த்தாள்.

“ஆறாயிரம்.” டிரைவர் விடவில்லை.

முதலாளிக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. போதும்டா ராசா, விட்டுடு! லேசாக இருமிக் காட்டினார்.

“பத்தாயிரம்!”

முதலாளி பலமாக இருமினார். மேஜைக்கு அடியில் மச்சானின் காலை ஒரு மிதி மிதித்தார்.

“இருபதாயிரம்! யாரு வந்தாலும் சரி, வண்டி எனக்குத்தான்!”

டிரைவர் எழுந்துவிட்டார். “நமக்குக் கொடுத்து வைக்கல” என்று மனைவியிடம் சொன்னார். இறங்கமாட்டேன் என்று அழுத மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

“அடப்பாவி! நடிடான்னா வாழ்ந்தே காட்டிட்டியே!” முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போச்சே! ஓடு, ஓடிப்போய் அவங்களைக் கூட்டிட்டு வா!”

மச்சான் ஓடினான். ரொம்ப நேரம் கழித்து மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

“பஸ் ஏறிட்டாங்க மாமா.”

“உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்! இனிமே கடைப்பக்கம் தலைவச்சுப் படுக்காதே!”

மறுநாள் காலையில் ஊர் முழுக்க அதே பேச்சு. புது வண்டி விலை தடாலென்று விழுந்திருந்தது. முதலாளி சிங்காரியின் கண்ணாடியில் எழுதியிருந்த விலையை அழித்துவிட்டு, புது விலையை எழுத மனசு வராமல் உட்கார்ந்திருந்தார். வராதே என்று சொல்லியும் வந்திருந்த மச்சான், வண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வாசலில் ஒரே சத்தம். பார்த்தால், அந்த டிரைவர்! மனைவி, மகளோடு இன்னும் ரெண்டு ஆளையும் கூட்டிக்கொண்டு வேகமாக வந்தார்.

“சார், நேத்து பஸ் ஸ்டாப்புல உங்க மச்சான் எல்லாத்தையும் சொல்லிட்டாரு!”

முதலாளி மச்சானை முறைத்தார். படுபாவி, போட்டுக் கொடுத்துட்டானே!

“போட்டிக்கு விலை ஏத்தச் சொன்னதே நீங்கதானாமே?”

“அது... வந்து...”

டிரைவர் அவருடைய ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“விலை விழப்போகுதுன்னு தெரிஞ்சு, நாங்க நேத்து வாங்கி ஏமாந்துடக் கூடாதுன்னு எங்களை விரட்டிவிடச் சொன்னீங்களாமே! வெளிப்படையாச் சொன்னா மத்த கடைக்காரங்க சண்டைக்கு வருவாங்கன்னுதான் அந்த நாடகமாம். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா! வண்டி வாங்கினா உங்ககிட்டதான் சார். இவங்களும் டிரைவருங்கதான். நீங்க எந்த வண்டியைக் காட்டினாலும் எடுத்துக்கறோம்னு வந்திருக்காங்க.”

அதற்குள் மகள் பின் சீட்டில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டாள்.

“சிங்காரின்னு பேராமே, இதுக்கு இன்னிக்கு என்ன விலை சார்?” என்றார் டிரைவர்.

முதலாளியால் டிரைவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போய் மச்சான் கையில் வைத்து அழுத்தினார்.

“மச்சான், இன்னிக்கு நீ மச்சான் இல்ல. முதலாளி! விலையை நீயே சொல்லுடா.”