கொள்ளிக்கு ஒரு ஆள்

"பெத்த அப்பனுக்குக் கொள்ளி வைக்க மாட்டேங்கிற. நீயெல்லாம் ஒரு மகனாடா?"

கேட்டவர் சித்தப்பா ஐயாசாமி. காலையில்தான் மூவாரிலிருந்து வந்தார். பத்து வருசமாக அண்ணன் வீட்டு வாசப்படியை மிதிக்காத மனுசர். எழவு வீட்டில் மட்டும் அவர் குரல்தான் முதல் குரல்.

குணாளன் தலையைக் குனிந்துகொண்டான்.

"குளிப்பாட்டுறேன் சித்தப்பா. பெட்டி தூக்குறேன். எந்த வேலைன்னாலும் சொல்லுங்க. கொள்ளியும் சடங்கும் மட்டும் வேணாம். ஞானஸ்நானம் எடுத்தப்ப கர்த்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"வாக்கா! பெத்த அப்பனுக்கு என்னடா கொடுத்தே?"

மலேசியாவின் பண்டார் தெங்காரா ஊரில் அந்த வீட்டு வாசலில் போட்ட கூடாரத்துக்குள் நாற்பது பேராவது இருப்பார்கள். எல்லார் கண்ணும் அவன் மேல்தான். அதுவே நாற்பது பேரும் சேர்ந்து திட்டின மாதிரி இருந்தது அவனுக்கு.

ஆறு வருசத்துக்கு முன்னால் அவன் ஞானஸ்நானம் எடுத்தபோது அப்பா ஒரு வருசம் பேசவில்லை. அப்புறம் எல்லாம் பேசினார், சாமி விசயத்தைத் தவிர. போன வாரம் ஆஸ்பத்திரியில் இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒண்ணுக்கும் பயப்படாத. நான் எல்லாம் பார்த்து வச்சிட்டேன்" என்றார். சாகக் கிடக்கிற மனுசன் என்னத்தைப் பார்த்து வைத்தார்? காய்ச்சலில் உளறுகிறார் என்று இவன் விட்டுவிட்டான்.

"மூணு மணிக்கு மின்சுடலைல நேரம் வாங்கியிருக்கு. இப்பவே ஒண்ணரை. முடி எடுக்க ஆள் வந்து காத்துக்கிட்டு இருக்கு," என்று அவசரப்படுத்தினார் சித்தப்பா.

அக்கா கஸ்தூரி அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள்.

"என் மகன் சுகுமாறன் சிங்கப்பூர்லேருந்து வந்துக்கிட்டு இருக்கான் சித்தப்பா. பாலத்துல வண்டியெல்லாம் நகராம சரியான ஜேமாம். தாத்தா முகத்தப் பார்க்கணும்பான். கொஞ்சம் பொறுத்து..."

"பேரன் வந்து என்னம்மா செய்யப் போறான்? மகன் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப!"

குணாளன் மனைவி மலரைப் பார்த்தான். 'விட்டுடாதீங்க' என்று அவள் கண் சொன்னது. அசையாமல் நின்றான்.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி விடு. கூலி கொடுத்து ஒரு ஆளைப் புடிப்போம். புள்ளையப் பெத்தும் எங்கண்ணன் அனாதைப் பொணமாப் போகட்டும்."

அவ்வளவுதான். கஸ்தூரி தடாலென்று தம்பி காலில் விழுந்தாள்.

"அப்பா அப்படிப் போக வேணாம்டா தம்பி. உன் சாமிகிட்ட வேணும்னா நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்டா!"

அக்கா கண்ணீருக்கு இளகினானா, ஊர் வாய்க்குப் பயந்தானா, அவனுக்கே தெரியாது. கழுத்தில் கிடந்த சிலுவையைக் கழற்றி மலர் கையில் வைத்தான்.  அவள் கையை இறுக மூடிக்கொண்டாள்.

சட்டையைக் கழற்றும்போது பாக்கெட்டில் போன் அடித்தது. விட்டுவிட்டு மறுபடியும் அடித்தது.

"யாருங்க?" என்றாள் மலர்.

"பாஸ்டராத்தான் இருக்கும்."

பேதுரு இயேசுவைத் தெரியாதென்று மறுதலித்ததையும் சேவல் கூவினதையும் எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டவன். இப்போது எந்த மூஞ்சியோடு அவரிடம் பேசுவான்? யாரென்று பார்க்காமலேயே போனை அணைத்தான்.

தலை மொட்டையானது. கொள்ளிச்சட்டி கைக்கு வந்தது, தண்ணிக்குடம் தோளுக்கு வந்தது. சித்தப்பா சொல்லச் சொல்ல எல்லாம் செய்தான். மின்சுடலையில் மூன்று சுற்றுச் சுற்றிக் குடத்தை உடைத்தான். சந்தனக்கட்டை மேல் கற்பூரத்தைக் கொளுத்தி அப்பாவோடு உள்ளே அனுப்பினான். இரும்புக் கதவு மூடியது. ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினால் ஒரு வார்த்தை வரவில்லை.

"இப்பதான்டா நீ எங்கண்ணன் மகன்!" என்று சித்தப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தப் பாராட்டு அவனுக்குச் சவுக்கடியாக விழுந்தது.

அப்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சுகுமாறன்தான். ஓடிவந்தவன் மூடிய கதவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினான்.

தலை பளபளவென்று மொட்டை.

கஸ்தூரி பதறிப்போனாள். "டேய், அப்பா உசிரோட இருக்கிறப்ப நீ எதுக்குடா மொட்டை போட்டே?"

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. மாமாவின் மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அலமாக்... போச்சே! ஏன் மாமா போனை அணைச்சீங்க? பாலத்துல நின்னுக்கிட்டு எத்தனை தடவை அடிச்சேன்! அம்மாவும் எடுக்கல."

"எதுக்குடா அடிச்சே?"

"கொள்ளி நான்தான் வைக்கணும்னு தாத்தா போன மாசமே என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு மாமா. முன்னாடியே தெரிஞ்சா அம்மா ஒத்துக்காதுன்னு, யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு. அதான் ஜொகூர் பாருலயே முடியெடுத்துட்டு ஓடி வந்தேன்."

குணாளன் கை தன்னால் கழுத்துக்குப் போய்த் துழாவியது. அங்கே சிலுவை இல்லை.

"ஏன்டா... ஏன் அப்படிச் சொன்னாரு?"

சுகுமாறன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான்.

"'என் மகன் அவன் சாமிக்குக் கொடுத்த வாக்கு, என் சாவால கெட்டுப்போகக் கூடாதுடா'ன்னாரு மாமா."