புஜ்ஜியின் சம்மதம்

மாப்பிள்ளை தேவேந்திரன் வாசற்படி ஏறியும் புஜ்ஜி குரைக்கவில்லை.

நேராக அவன் காலடிக்குப் போய் உட்கார்ந்து, முன்னங்காலைத் தூக்கி நீட்டியது.

கோவர்த்தனனுக்குத் தலைகால் புரியவில்லை. நகரியில் பவர்லூம் வைத்திருக்கும் மனிதர்; ஜாதகத்தைப் பாதிதான் நம்புவார், தன் நாயை முழுசாக நம்புவார். மகள் ஹரிப்ரியாவைப் பெண் பார்க்க வந்த திருப்பதிக்காரர் வாசலோடு திரும்பினார். பாகாலாக்காரர் நாற்காலிமேல் ஏறி நின்று காபி குடித்தார். புஜ்ஜி குரைத்தால் அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான்.

“வாயில்லா ஜீவனுக்குப் பொய் சொல்லத் தெரியுமா? நாள் குறிச்சிடலாம் நாகபூஷணம் காரு!” என்றார் தரகரிடம்.

கதவோரம் நின்ற ஹரிப்ரியாவுக்கு வியர்த்தது. புஜ்ஜி நீட்டிய காலை இறக்கவே இல்லை. தேவேந்திரனின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னே, பார்க்காதா? அதை நடக்கக் கூட்டிப்போகிற சாக்கில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவளும் தேவேந்திரனும் சேர்ந்துதான் பழக்கினார்கள். உட்கார்ந்தால் ஒரு ஈரல் துண்டு. கை கொடுத்தால் இன்னொன்று. ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் தொடங்கிய காதலைத் தரகர் வழியாக வீட்டுக்குள் கொண்டுவர அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. காதல் என்று தெரிந்தால் அப்பா அவன் ஜாதகத்தைத் தொடக்கூட மாட்டார்.

ஆனால் பெண் பார்க்கும் வீட்டுக்கு ஈரலோடு வர முடியுமா? பை காலி.

புஜ்ஜி பொறுத்துப் பார்த்தது. பிறகு எழுந்து, அவன் மார்பில் இரண்டு காலையும் ஊன்றி, பைக்குள் மூக்கை விட்டது. தேவேந்திரன் மின்விசிறியைப் பார்த்தான்.

பையில் என்ன இருக்கிறது என்று கோவர்த்தனனும் குனிந்தார். முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது.

சரியாக அப்போது, பலகாரத் தட்டோடு வந்த அம்மா காஞ்சனாவின் கை தவறி ஒரு வடை கீழே விழுந்தது. புஜ்ஜி தாவி இறங்கி, ஒரே வாயில் விழுங்கி, மாப்பிள்ளையின் காலடியில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. கோவர்த்தனனுக்குச் சிரிப்பு திரும்பி வந்தது.

ஹரிப்ரியாவுக்குப் போன உயிர் வந்தது. நல்லவேளை, அம்மா கையில் எப்போதுமே எதுவும் நிற்காது.

அம்மா நெருங்கி வந்து, அவள் தலைப்பூவைச் சரிசெய்வதுபோலக் காதருகே குனிந்தாள்.

“தீனிய உடனே குடுக்கலன்னா எதுக்குக் குடுத்தோம்னே புஜ்ஜிக்குத் தெரியாதுன்னு, மாடியில நின்னு போன்ல அந்தப் புள்ளைக்கு நீதானேடி சொல்லிக்கினு இருந்தே?”